கீழணைக்குக் கீழேயும் ஆறு இருக்கிறது: ஒரு திறந்த மடல்

காவிரியில் தண்ணீர் திறக்கவும் மூடவும் அதிகாரம் படைத்த ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், வணக்கம்.

நான் காவிரியின் கிளையான கொள்ளிடம் கடலில் சேருகிற முகத்துவாரத்துப் பக்கத்து ஊர்க்காரன், மீனவர் வீட்டுப் பிள்ளை. போன மாதம் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுத்தோம். கோடையில் கொள்ளிடத்தில் கொஞ்சமாவது நன்னீர் கடல் வரைக்கும் வந்து சேரும்படி செய்யுங்கள், அவ்வளவுதான் மனு. பதில் வந்தது. கடலில் வீணாகக் கலக்கும் உபரி நீரைத் தடுத்து நிறுத்த உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று தெரிவித்திருந்தார்கள். கையெழுத்து, தேதி, முத்திரை எல்லாம் கச்சிதம். கடலுக்குத் தண்ணீர் விடுங்கள் என்று கேட்டவனுக்கு, கவலைப்படாதே, ஒரு சொட்டும் போகவிடமாட்டோம் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

தட்டச்சு செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை. கொள்ளிடம், கடல் என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் ஏற்கெனவே இருக்கிற பத்தியை எடுத்து ஒட்டியிருப்பார். அப்படி ஒரு பத்தி எப்போதும் தயாராக இருக்கிறது என்பதில்தான் கோபம். அதனால் இந்தத் தடவை எல்லோரும் படிக்கும்படி, திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியிலிருந்து மே வரை, நான்கு மாதமும், நொடிக்கு 200 கன அடியாவது அணைக்கரையில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே இருக்கிற கீழணையைத் தாண்டி ஓட வேண்டும். யாரோ மனசு வைத்துத் திறந்துவிடுவதாக இல்லாமல், எழுத்தில் ஒதுக்கிய பங்காக ஓட வேண்டும்.

இது பேராசையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கன அடியை 120 நாளுக்கு விட்டால் 2 டிஎம்சிக்குச் சற்று மேல் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் காவிரியின் 740 டிஎம்சியையும் பங்கு போட்டபோது, சுற்றுச்சூழலுக்கு என்று 10 டிஎம்சியும், எப்படியும் கடலுக்குத் தப்பிப் போய்விடும் என்று 4 டிஎம்சியும் எழுதி வைத்தார்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கை மாற்றியது, இந்த இரண்டையும் தொடவில்லை. கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீரின் மாதவாரி அட்டவணையைப் புரட்டினால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஒவ்வொன்றுக்கும் இரண்டரை டிஎம்சி இருக்கிறது. கூட்டினால் அதே 10. நான் கேட்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்சம் வழியெல்லாம் இருக்கிற குடிநீர்த் திட்டங்களுக்குப் போகட்டும், அவர்களும் மனிதர்கள்தான்.

அந்த 4 டிஎம்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு முழுக்கப் பரப்பினால் அது நொடிக்கு 127 கன அடி. ஆனால் அது எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாததா? 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடி வந்ததே, அந்த வேகத்தில் ஐந்தரை மணி நேரத்தில் 4 டிஎம்சி தீர்ந்துவிடும். நாதல்படுகையிலும் முதலைமேடு திட்டிலும் வெள்ளைமணலிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, சனங்கள் பாத்திரம் பண்டத்தோடு கரையேறி நிற்கும்போது கடலுக்கான ஒரு வருஷப் பங்கு காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் போய் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஜனவரி 28-இல் மேட்டூரில் பாசனத்துக்கு அடைத்துவிட்டால், ஜூன் 12 வரை கீழணைக்குக் கீழே இருப்பது மணலும், தேங்கின குட்டையும், எதிர்த்து ஏறி வரும் கடல் தண்ணீரும்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் பிச்சாவரம் பக்கம் வந்து பாருங்கள். படகுத்துறைக்கு வேண்டாம், அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். சுற்றுலாப் படகு போகாத பக்கத்தில், இருளர் சமூகத்துப் பெண்கள் உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பாருங்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பனை ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி, இரண்டு கையையும் சேற்றில் அலையவிட்டு, விரலில் இடறுகிற இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். மணிக்கணக்கில். வாய் திறந்து பேச முடியாது, பேசினால் பறி விழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஐப்பசி கார்த்திகையில் அவர் கை பரவாயில்லாமல் இருக்கும். சித்திரையில் பார்த்தால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகக்கண்ணில் புண் வந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுவார். காரணம் பெரிய மர்மம் இல்லை. மேலிருந்து நன்னீர் வராமல், வெயிலில் காய்ந்து சுண்டி, கழித்தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் இறாலும் தேறுவதில்லை. பறி நிறைய இருந்தாலும் வியாபாரி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, "எல்லாம் பொடியா இருக்கேக்கா" என்று விலையைக் குறைத்துவிடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. கை வெடிக்கிற மாதத்தில்தான் விலையும் விழுகிறது.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். ஆனால் குஞ்சு கரையோரம் வந்து, உப்பங்கழிக்குள் புகுந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் சில மாதம் வளர்ந்து, அப்புறம்தான் திரும்பக் கடலுக்குப் போகும். கொடுவாயும் மடவையும் கழிக்கும் கடலுக்கும் போய் வந்து பிழைக்கிற மீன்கள்தான். மீன் பெருகட்டும் என்றுதான் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறீர்கள். நல்லது, நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அதே 61 நாளில் குஞ்சு வளர வேண்டிய இடத்துக்கு ஒரு குடம் நன்னீர் வருவதில்லை. ஒரு துறை பிரசவத்துக்கு விடுப்பு கொடுக்கிறது, இன்னொரு துறை தொட்டிலை வெயிலில் போட்டு வைத்திருக்கிறது. இரண்டு துறையும் ஒரே அரசாங்கம் என்று கேள்வி.

தண்ணீர் மட்டும்தான் பிரச்சினை என்றால் உப்பைக் கரைக்க ஏதோ வழி பார்க்கலாம். ஆற்றில் வருவது வெறும் தண்ணீர் இல்லை என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்ததைக் கணக்கில் எழுதுவதில்லை என்பதுதான் சங்கடம். குடகு மலையில் பெய்கிற மழை காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, அங்கே வேரும் மக்கும் விடுகிற கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து அது லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையை மெல்ல மெல்லக் கரைக்கிறது. கரைந்ததில் ஒரு பாதி பைகார்பனேட், அதாவது கார்பன் தண்ணீரில் கரைந்திருக்கிற வடிவம், கூடவே மணலில் இருக்கிற சிலிக்கா. அதோடு காட்டு இலை மக்கியது, வயல் மண், தழைச்சத்து, மணிச்சத்து, இரும்பு எல்லாம் கலந்து இறங்குகிறது. உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 90 கோடி டன் கார்பனைக் கடலில் சேர்ப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறையப் பாதி கரைந்த பைகார்பனேட், மீதி மண்ணும் மக்கும். அதில் ஒரு பகுதி கடலடி வண்டலில் புதைந்து, பல ஆயிரம் வருஷத்துக்கு வெளியே வராமல் கிடக்கும். இமயமலை மண்ணை கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுபோய் வங்காள விரிகுடாவின் அடியில் கொட்டிப் புதைப்பது உலகத்திலேயே பெரிய கார்பன் புதையல்களில் ஒன்று. காவிரி அதற்கு முன்னால் சின்ன ஆறுதான். ஆனால் எங்கள் கடலுக்கு இதுதான் ஆறு.

சிலிக்கா என்று சொன்னேன் இல்லையா, அதை ஏன் சொன்னேன் என்றால், கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி இருக்கிறது, டயாட்டம் என்பார்கள். சிலிக்காவில் ஓடு கட்டிக்கொண்டு வாழும். கடலில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ 40 சதவீதம் இதன் வேலை. இதைச் சின்ன உயிர்கள் தின்ன, அவற்றை மத்தி தின்ன, மத்தியை நாங்கள் தின்ன, இப்படித்தான் ஓடுகிறது. ஆற்றில் முதல் செந்தண்ணீர் இறங்கினால் எங்கள் ஊரில் கிழவர் முதல் பொடியன் வரை வலையைத் தட்டி எடுப்பது இதனால்தான். டயாட்டம் என்ற பேர் அவர்களுக்குத் தெரியாது, புதுத்தண்ணி வந்தால் மீன்பாடு வரும் என்பது தெரியும்.

அணையில் என்ன ஆகிறது? 1934-இல் கட்டிய மேட்டூரில் 93.47 டிஎம்சி தேங்கி நிற்கிற தண்ணீரில் வண்டல் அடியில் படிகிறது. தெளிந்த தண்ணீரில் வெயில் படுவதால் அங்கேயே பாசி வளர்ந்து, சிலிக்காவைப் பிடித்துக்கொண்டு, செத்து அடியில் விழுகிறது. மேலே கர்நாடகத்துக் கண்ணம்பாடி அணையிலும் இதே கதை. உலகக் கணக்கு ஒன்று 2005-இல் வந்தது. அதற்கு முந்தின அரை நூற்றாண்டில் கட்டிய அணைகளுக்குப் பின்னால் 10,000 கோடி டன்னுக்கு மேல் வண்டலும், அதற்குள் 100 முதல் 300 கோடி டன் கார்பனும் தேங்கிக் கிடப்பதாக அதில் சொன்னார்கள். அணையை இடிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். மேட்டூர் இல்லாவிட்டால் டெல்டாவில் சோறு இல்லை, எனக்கும் அது தெரியும். வண்டலைப் பிடித்து வைத்தாயிற்று, தண்ணீரையாவது கொஞ்சம் விடுங்கள் என்கிறேன்.

அணைக்குக் கீழே ஆற்றில் எதுவுமே சேரவில்லை என்றும் சொல்ல முடியாது. சாயக்கழிவு சேருகிறது, ஊர்ச் சாக்கடை சேருகிறது, வயலில் அள்ளிக் கொட்டின யூரியாவின் மிச்சம் சேருகிறது. நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று கட்டி, சாயத் தண்ணீர் தேக்குகிற தொட்டியாகிப்போன கதை கோர்ட் வரை போனது. ஆக, தழைச்சத்து குறையவில்லை, கூடுகிறது. சிலிக்காதான் குறைகிறது. சோற்றை நிறுத்திவிட்டு ஊறுகாயை மட்டும் வைத்தது போல. இந்த விகிதம் தவறினால் டயாட்டம் பின்வாங்கி வேறு வகைப் பாசி பெருகும். அதில் சில விஷப் பாசி. பெருகின பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜன் போய்விடும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பண்ணை உரத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவதால் மெக்சிகோ வளைகுடாவில் ஒவ்வொரு கோடையிலும் ஆக்சிஜன் இல்லாத ஒரு பரப்பு உண்டாகிறது. 2017-இல் அது 22,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அங்கே அடிமட்டத்தில் மீனும் இறாலும் நிற்க முடியாது.

எகிப்தில் என்ன நடந்தது என்பதும் பழைய செய்திதான். 1964-இல் அஸ்வான் உயர் அணையில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் நைல் முகத்துவாரக் கடலில் மத்தி மீன் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 18,000 டன் கிடைத்திருக்கிறது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. 80-களில் மீன்பாடு திரும்பியது. எப்படி என்றால், நகரத்துச் சாக்கடையும் வயல் உரமும் கடலுக்குப் போய்ச் சேர்ந்ததால் என்று ஒரு விளக்கம் உண்டு. அந்த வழியை நாம் சொல்லிக்கொடுக்காமலேயே ஆரம்பித்துவிட்டோம், அதற்கு மட்டும் எந்த மனுவும் தேவைப்படவில்லை.

இதைச் சொன்னால் விவசாயிகளுக்கு எதிரி என்று முத்திரை குத்துவார்கள். எங்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுத்திருப்பதே கடைமடையில்தான், சம்பந்தி வீட்டு நெல்லில்தான் எங்கள் வீட்டில் பொங்கல். பிப்ரவரியில் சம்பா அறுவடை முடிந்துவிடும், மே வரை அந்தத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற பயிர் பெரிதாக இல்லை. இன்னொன்று, ஆற்றில் நன்னீர் நின்றுபோனால் உப்பு எங்கள் ஊரோடு நிற்காது. ஆற்றில் ஏறி, மணலில் இறங்கி, கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் வந்துவிடுகிறது. கொள்ளிடத்துக் கரையில் எத்தனை ஊரில் அடிபம்புத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். மணலை அள்ளி அள்ளி ஆற்றின் அடிமட்டத்தை இறக்கினதால் கடல் ஏறுவதற்குச் சரிவும் வசதியாகிவிட்டது. நாங்கள் கேட்கிற 200 கன அடியில் ஒரு பகுதி மணலுக்குள் போய்விடும் என்பார்கள். போகட்டுமே, உள்ளே போய் உப்பைத்தான் தள்ளப்போகிறது.

தடுப்பணை கட்டுகிறோமே, அது உப்பைத் தடுக்காதா என்பது அடுத்த பதில். தடுக்கும், தடுப்பணைக்கு மேலே. கீழே இருக்கிறவர்கள் வேறு மாவட்டத்துக்கு வாக்காளர் அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வருகிறது, மன்னிக்க வேண்டும். ஆறு கொண்டு வர வேண்டிய மணல் வராததால் கரை அரிக்கிறது என்று கடலோரம் முழுக்கக் கருங்கல்லைக் கொட்டுகிறோம், கடலுக்குள் நீளும் கல்சுவராகத் தூண்டில் வளைவு கட்டுகிறோம். ஒரு ஊரில் தூண்டில் வளைவு கட்டினால் வடக்கே இருக்கிற அடுத்த ஊர் அரிக்கிறது, அங்கேயும் ஒன்று. இந்தப் பக்கம் ஆற்றில் வேகம் இல்லாததால் முகத்துவாரத்தில் மணல்மேடு போட்டுப் படகு தரைதட்டுகிறது, அதற்குத் தூர்வார டெண்டர். காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள், இது எந்த வாய்க்கால் என்று கேட்கிறார்கள். பிச்சாவரத்துக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலம் என்கிற ராம்சார் பட்டம் வாங்கினோம், பலகை வைத்தோம். சதுப்புநில தினத்துக்கு ஆளுக்கொரு சுரபுன்னைக் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், கையில் நன்னீர் பாட்டிலோடு. கன்றுக்குத்தான் அது கிடையாது. நெட் ஜீரோ, நீலக் கார்பன், நீலப் பொருளாதாரம் என்று குளிரூட்டிய அரங்கில் இரண்டு நாள் கருத்தரங்கு நடக்கும். கார்பனைச் சம்பளமில்லாமல் இத்தனை லட்சம் வருஷமாகக் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆற்றுக்கு அந்த அரங்கில் ஒரு நாற்காலிகூட இருக்காது.

சரி. கோபத்தில் எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று யோசித்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் எல்லோரும் படித்தவர்கள், இதில் பாதியை உங்களிடமிருந்தும் உங்களைப் போன்றவர்கள் எழுதியதிலிருந்தும்தான் நான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். பிப்ரவரி முதல் மே வரை நொடிக்கு 200 கன அடி, கீழணைக்குக் கீழே, கடல் வரை. சுற்றுச்சூழலுக்கு என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிற 10 டிஎம்சியிலிருந்து. அந்த 10 டிஎம்சி இத்தனை வருஷமாக எந்த மாதம், ஆற்றின் எந்தப் பகுதியில் ஓடியது என்ற கணக்கையும் வெளியிடுங்கள். மழை பொய்த்த வருஷத்தில் எல்லோர் பங்கும் குறையும்போது எங்கள் பங்கும் குறையட்டும், அதற்கும் சம்மதம். பூஜ்யத்திலிருந்து குறைக்க முடியாது என்பதால் முதலில் ஒரு பங்கு வேண்டும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று தினமும் செய்தியில் சொல்கிறார்கள். முகத்துவாரத்தைத் தாண்டி எத்தனை கன அடி போனது, அதில் உப்பு எவ்வளவு, சிலிக்கா எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று எந்தச் செய்தியிலும் நான் கேட்டதில்லை. கீழணைக்குக் கீழே ஓர் இடம், முகத்துவாரத்துக்குப் பக்கம் ஓர் இடம், இரண்டு இடத்தில் மாதம் ஒரு தடவை அளந்து பொதுவில் போடுங்கள். ஆள் போதவில்லை என்றால் எங்கள் பிள்ளைகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் தேதி எழுதி அனுப்புவார்கள், பரிசோதனைச் செலவை மட்டும் நீங்கள் பாருங்கள். அதிகாரிகள் நேரில் வருவதாக இருந்தால் ஓதம் ஏறுகிற நேரம் பார்த்துச் சொல்கிறோம், படகு எங்களுடையது. வரும் பிப்ரவரிக்குள் ஒரு பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கொள்ளிடம் முகத்துவாரத்து மீனவர் குடும்பங்களில் ஒருவன்